ஆறு பாம் தொட்டிகளும் ஒரு பிடி உப்பும்

தொழிற்சாலையில் தோட்டக்காரனாக இருப்பவனுக்கு மண்வெட்டியைவிட அதிகமாகத் தேவைப்படுவது சந்தேகம். வாசலில் குரோட்டன்ஸ் வைத்துவிட்டு, ஓர் இலை பழுத்தாலும் எதிர்வீட்டுக்காரரை முறைத்துப் பார்க்கும் அன்பர்களுக்கு இது உடனே புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் புதுவாயலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

குத்தூசி

முதலாளி ராஜமுந்திரிப் பக்கம் ஒரு நர்சரியில் தானே பொறுக்கி எடுத்து ஆறு அரிகா பாம் தொட்டிகள் வாங்கினார். அவற்றை லாரியில் ஏற்றி, காவலுக்கு என்னையும் ஏற்றி அனுப்பினார். அரிகா பாம் பாக்கு மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். மஞ்சள் தண்டுகள் கொத்தாக எழும்பி, இலை வளைந்து நிற்கும். அழகுக்கு மட்டும்தான், வேறு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

மாநில எல்லையை அரிசி தாண்டக் கூடாது என்று கெடுபிடியாக இருந்த காலம் அது. செக்போஸ்டில் ஒருவர் மூட்டை குத்தும் ஊசியோடு லாரியில் ஏறி, ஆறு தொட்டி மண்ணிலும் செருகிச் செருகிப் பார்த்தார். அரிசி வரவில்லை. ஆறாவது தொட்டியிலிருந்து ஒரு வேர்த் துண்டுதான் வந்தது. இது காய்க்காது, கள் இறக்க முடியாது, கூரை வேயவும் ஆகாது என்று விளக்கினேன். அவருக்குச் சந்தேகம் கூடித்தான் போயிற்று.

"காயும் கெடையாது, கள்ளும் கெடையாதுன்றே. அப்பால இத்தப் போய் எதுக்குய்யா லாரில ஏத்திக்கினு வர்றே?"

கீரை

தொட்டிகளை ஆபீஸ் வாசலில் வரிசையாக வைத்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆயுத பூஜைக்கு முதலாளி வருவார். அன்று ஆறும் பச்சைப் பசேலென்று இருந்தால் நான் பர்மனென்ட். ஒரு தொட்டியில் கருகல் தெரிந்தாலும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எட்டு வருஷமாக இங்கும் அங்கும் டெம்பரவரியாகவே காலம் தள்ளியவன் நான். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்வியே, "வேலை பர்மனென்டா?" என்பதுதான்.

மேனேஜருக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. பாம் கொத்தின் அடியில் சின்னக் கன்றுகள் முளைக்கும். அவற்றைப் பிரித்து வைத்தால் புதுச் செடி. நான் கன்றுகளைக் கிள்ளி வீட்டுக்குக் கடத்துகிறேன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அதனால் வாட்ச்மேன் மரியதாஸ் தினமும் கேட்டில் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மோந்து பார்த்தார். ஒருநாள் அதில் மீந்த முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தது. அதைக் குச்சியால் கிளறிக்கொண்டே மனுஷன் கால்மணி நேரம் நின்றார்.

"நீ கீரைன்றே, எனக்கு இன்னா தெரியும்? பச்சையா இன்னா கண்டாலும் வந்து சொல்லுன்னு ஆர்டரு!"

உப்பு

புரட்டாசி பிறக்கும்போது, ஊசி குத்துப்பட்ட ஆறாவது தொட்டியில் இலை நுனிகள் கருக ஆரம்பித்தன. முதலில் கம்பி கழுவும் ஆசிட்டின் புகையைச் சந்தேகித்தேன். பிறகு டீ எச்சிலைக் கொட்டும் கிளார்க்குகளை. எதற்கும் இருக்கட்டும் என்று மேல்மண்ணைக் கிளறினேன். வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! அரிகா பாமுக்கு உப்பு ஆகவே ஆகாது. தெரிந்தேதான் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

தொட்டிக்கு எதிரே கேன்டீன். அங்கே சமையல் பார்ப்பவன் தேசப்பன், பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்து ஆள். அவன் மச்சான் தோட்ட வேலை கேட்டு இரண்டு தடவை வாசல் கேட் வரை வந்து போனவன். கணக்குச் சரியாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதுங்கினேன். தேசப்பன் கையை மூடிக்கொண்டு வந்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், தொட்டியில் தூவினான். பாய்ந்து கையைப் பிடித்தேன். என் குடும்பத்தைக் கெடுக்கவா பார்க்கிறாய் என்று கத்தினேன்.

அவன் திருதிருவென்று விழித்தான். அவர்கள் ஊரில் தென்னை வைத்தால் குழியில் உப்புப் போடுவார்களாம். மரம் தெம்பாக வருமாம். இதுவும் அந்த ஜாதிதானே என்று நினைத்திருக்கிறான். மண்ணைக் கழுவித் தண்ணீர் ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இது ஒண்ணுதான் நோஞ்சானா நின்னுச்சு நைனா. உன் வேல நெலைக்கணுமேன்னு வெள்ளிக்கு வெள்ளி போட்டேன். எங்க ஊட்டுத் தென்னைக்கே இவ்ளோ போட்டதில்ல."

ஆறாவது தொட்டி

குருத்து பிழைத்துக்கொண்டது. ஆனால் கருகின இலை மறுபடி பச்சையாகுமா? ஆயுத பூஜையன்று மேனேஜர், தன் தலையும் உருளும் என்று பயந்து, அந்தத் தொட்டியைக் கேன்டீன் உள்ளறையில் ஒளித்துவைக்கச் சொன்னார். முதலாளி வந்ததும் வராததுமாக ஐந்து தொட்டிகளைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். "ஆறு வாங்கினேனே?" என்றார். அவர் பார்வையில், ஆறாவது மேனேஜர் வீட்டு வாசலில் நிற்கிறது என்ற தீர்மானமே இருந்தது. மேனேஜர் ஐந்தையும் மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

சும்மா இருந்தால் மேனேஜர் மாட்டுவார், எடுத்து வந்தால் நான் மாட்டுவேன். தொலைகிறது என்று உள்ளே போனேன். தேசப்பன் ஒரு பக்கம் பிடிக்க, தொட்டியைத் தூக்கிவந்து முதலாளி முன்னால் வைத்தேன். நுனி ஏன் கருகியது என்று கேட்டார். பக்கத்தில் தேசப்பன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "கடல் காத்துங்க, உப்பு இருக்குது" என்றேன். முதலாளி குனிந்து, பச்சையாக எழும்பிய குருத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஒளிச்சு வெக்கிறவனவிட, கருகினத எடுத்துனு வந்து காட்டறவன் தேவலாம்யா. இந்தாளு பர்மனென்ட் பேப்பரக் கொண்டா."

நான் பர்மனென்ட் ஆகி, என் மகள் கல்யாணத்துக்குத் தேசப்பனே சமைத்தும் போட்டுவிட்டான். இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் அவன் கை மூடியிருந்தால், விரித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வேன்.