வாரம் தவறாத நினைவூட்டல்

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருள் தளம் அது. அடுத்த பதிப்பில் யார் எந்த வேலையைச் செய்வது என்ற திட்டப் பக்கத்தை எழுதுபவளை எல்லோரும் ‘திட்டக்கா’ என்பார்கள். எழுதுவது என்ன, போன பதிப்பின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றுவாள். கேட்டால், “நல்லாத்தானே போகுது, எதுக்குக் கைவைக்கணும்?” என்று வாயை அடைத்துவிடுவாள். கொழுப்புதான், வேறென்ன. முடியாமல் நிற்கும் வேலைக்கு உரியவருக்குத் தளமே வாராவாரம் நினைவூட்டல் மெயில் அனுப்பிவிடும்.

அன்று ஆன்லைனில் திட்டக் கூட்டம். யாரும் வந்து பேசலாம் என்பது அங்கே வழக்கம். திட்டக்கா தன் பக்கத்தைத் திரையில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, பழக்கமில்லாத பெண்குரல் ஒன்று கேட்டது.

“உங்க தளத்துல வேலை செஞ்சாரே தாடி அண்ணா, நான் அவரோட வீட்டுக்காரி. அவரு போன வருஷம் தவறிட்டாரு.”

திட்டக்காவுக்குத் தெரியாதா? தளத்தின் முகப்பில் இரங்கல் குறிப்பு எழுதியதே அவள்தானே. ஆனால் திரையில் அவர் பெயருக்கு நேரே ‘முடியவில்லை’ என்று சிவப்பாக நின்றது. மறைக்கப் போய், அவசரத்தில் அதையே பெரிதாக்கிவிட்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“தெரியும்மா... ரொம்ப வருத்தப்பட்டோம்...”

“அவரை என்னைக்கும் மறக்க மாட்டோம்னு எழுதியிருந்தீங்க,” என்றாள் அந்தப் பெண், கோபமே இல்லாமல். “வாராவாரம், வேலைய எப்ப முடிப்பீங்கன்னு அவரைக் கேட்டு மெயில் வருது. நான் என்ன பதில் போடட்டும்?”