எதிர்ப்பக்கத் திரை

குன்னூர் அப்பர் பஜாரில் எங்கள் டி.டி.பி. கடை ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் நம்பி நடந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எது வந்தாலும் நான் டைப் அடித்துக் கொடுப்பேன். என் கணவருக்கும் கடைக்கும் அதிகச் சம்பந்தம் இருந்ததில்லை. அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர். இலையை வாடப் போடுவது முதல் தூளைச் சலித்து மூட்டை கட்டுவது வரை அவர் பார்வையில்தான் நடக்கும். தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலை முதலில் வாரத்தில் பாதி நாள் ஓடியது. பிறகு இலை வாங்குவதை நிறுத்தியது. கடைசியில் கேட்டில் சங்கிலி விழுந்தது. அதன்பின் அவர் காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, என்னுடன் கடைக்கு வந்து ஓரத்து ஸ்டூலில் உட்காரத் தொடங்கினார்.

அவருடைய தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். "பொங்கல் கழிஞ்சதும் வந்துருங்கண்ணே, ஸ்டோர்ல ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன்" என்று ஒவ்வொரு வாரமும் போனில் சொல்வான். இவர் போகிறேன் என்றும் சொல்லமாட்டார், மாட்டேன் என்றும் சொல்லமாட்டார். மகளுக்கு அது பள்ளி இறுதி ஆண்டு. கடை என்னுடையது. போனால் அவர் மட்டும்தான் போகவேண்டும். அப்படிப் பாதியாகிப்போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பல இருந்தன. கணவன் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, விருந்தாளிபோல் ஒரு நாள் தங்கிவிட்டுப் போவான். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்பதில் நான் தெளிவாக இருந்தேன். அவர் இங்கே இருப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காரணம்போல் ஒன்று கண்ணில் பட்டது. பச்சை இலைக்கு விலை இல்லாததால், சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து தங்கள் இலையைத் தனியாக அரைத்து, தாங்களே பாக்கெட் போட்டு விற்கப் பார்த்தார்கள். பாக்கெட் என்றால் லேபிள் வேண்டும். லேபிள் கேட்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் திரும்பியும் போனார்கள். குறை என் வேலையில் இல்லை, மேசையில் இருந்தது. மானிட்டர் என்னைப் பார்த்தபடி இருக்கும். வாடிக்கையாளர் கவுண்டருக்கு வெளியே நின்று அதன் முதுகைப் பார்ப்பார். பழைய காலத்துப் பெரிய மானிட்டர் அது. முதுகிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். குளிர் நாட்களில் அதில் கையைச் சூடாக்கிக்கொள்ளலாமே தவிர, தன் லேபிள் என்னவாகிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாளை அச்சிட்டுக் காட்டவேண்டும். "கீழ கோயம்புத்தூர்ல பக்கத்துலயே ஒக்கார வெச்சுப் பண்ணித் தராங்களாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூடிய தொழிற்சாலையின் அலுவலகச் சாமான்களை விற்றபோது என் கணவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்தார். அதன் மதர்போர்டு செத்திருந்தது. மானிட்டரும் ஒரு வீடியோ கார்டும் மட்டும் உயிரோடு இருந்தன. அந்தக் கார்டை என் கம்ப்யூட்டரில் செருகி, இரண்டாவது மானிட்டரை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. என் கம்ப்யூட்டரில் படம் காட்டும் வேலையை மதர்போர்டே செய்துவந்தது. ஆன்போர்டு கிராபிக்ஸ் என்பார்கள். அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. பொது நினைவகத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். தனிக் கார்டு அப்படியில்லை. தன் நினைவகத்தோடு வந்து உட்காரும்.

"அது கூட்டுக் குடும்பம். இது தனிக்குடித்தனம்" என்றார் கார்டைக் கையில் பிடித்தபடி.

"ரெண்டும் ஒரே ஊட்டுல இருக்குமாங்க?" என்று கேட்டேன்.

இருக்காது என்றுதான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற கோயம்புத்தூர்க் கடைக்காரர் போனில் சொன்னார். "அது நடக்காதுங்க்கா. கார்டு போட்டீங்கன்னா ஆன்போர்டு தானா படுத்துக்கும். ரெண்டுல ஒண்ணுதானுங்க."

அவர் சொன்னது கண்ணெதிரே உண்மையாயிற்று. மலைப் பனியில் கார்டின் பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தன. என் கணவர் மகளின் அழிரப்பரால் அவற்றைத் தேய்த்துக் கார்டைச் செருகினார். எதிர்ப்பக்கத் திரை எழுந்தது. என் திரை இருண்டது. கார்டைப் பிடுங்கினால் என் திரை எழுந்தது, எதிர்ப்பக்கம் இருண்டது. மார்கழி பிறந்ததிலிருந்து கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் அவர் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் தடுக்கவில்லை. கேட்டில் சங்கிலி விழுந்த பிறகு அவர் ஒன்றின் மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையின் முன்கதவைப் பாதி சாத்திவிட்டு நான் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். "இந்தாம்மா, அதை வெச்சிட்டு இதைப் படி" என்று அவர் திரையைக் காட்டினார். கம்ப்யூட்டர் விழித்தெழும் நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் வரும் நீலநிறப் பக்கம் அது. உள் அமைப்புகளைச் சொல்லும் ஆங்கில வரிகள். "நான் படிச்சா வேணுங்கிறதை மட்டும்தான் தேடுவேன். நீதான் ஒரு வரி விடாம படிப்பே."

எந்தப் புத்தகத்தையும் முன்னுரையிலிருந்து தொடங்குகிறவள் நான். பக்கம் பக்கமாகப் படித்தேன். கடிகாரம், ஹார்ட் டிஸ்க், விசைப்பலகை என்று போய், யாரும் எட்டிப் பார்க்காத ஓர் உள்பக்கத்தில், எந்தத் திரை முதலில் எழவேண்டும் என்று கேட்கும் ஒரு வரி இருந்தது. விடை 'கார்டு' என்று இருந்தது. முதலில் எழுந்ததும் கார்டு மற்றதற்கு இடம் விடவில்லை போலும். அதை 'ஆன்போர்டு' என்று மாற்றி, சேமித்து, மறுபடி இயக்கினோம். என் திரை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே புதிதாக ஒரு கார்டைக் கண்டுகொண்டதாக அறிவித்தது. டெஸ்க்டாப்பை இரண்டாவது திரைக்கும் நீட்டிக்கவா என்ற கட்டத்தில் நான் டிக் செய்தேன்.

அவர் கவுண்டரைச் சுற்றி வெளியே போய், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றார்.

"என்னங்க, ஏதாச்சும் தெரியுதா?"

"எழுத்து தெரியுது."

"என்ன எழுத்து?"

"நீ தட்டுற எழுத்துதான்" என்றார்.

அந்த வாரமே கேத்திப் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். கீழே காரட், மேல் சரிவில் தேயிலை என்று பிழைக்கும் வீடு. ஊர்ப் பெண்களைச் சேர்த்து, ஒரு சிறு தொழிற்சாலையில் தங்கள் இலையைத் தனியாக அரைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். லேபிளில் என்ன வேண்டும் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மலை, இரண்டு இலை ஒரு கொழுந்து, நடுவில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். "கிளாஸ்ல இருக்கற டீ எங்க டீ மாதிரியே இருக்கோணும். பாத்தாலே குடிக்கத் தோணோணும்."

ஒரே லேபிளை இரண்டு விண்டோக்களில் திறந்து, ஒன்றை எதிர்ப்பக்கத் திரைக்குத் தள்ளிவிட்டேன். நான் இலையை நகர்த்தினால் அங்கேயும் நகர்ந்தது. அந்த அம்மாள் கண்ணாடித் திரையைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும், ஆ, போதும்" என்று சொல்லச் சொல்ல லேபிள் உருவாகிவந்தது. எனக்கு மனம் நிறைந்திருந்தது. அப்போதுதான் மருமகள் ஒரு எழுத்தைச் சுட்டிக்காட்ட என் பக்கம் வந்தாள்.

"அத்தே, இங்க வேற கலர்."

மாமியார் கவுண்டரின் பலகைக் கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தார். என் திரையில் தேநீர் செம்பொன்னாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் அது வெளிறிப்போய், கழுவிவிட்ட தண்ணீர்போல இருந்தது.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு ஒரு டீ, எங்களுக்கு ஒரு டீயா? எலை போடற எடத்துலயும் இப்படித்தானுங்க. தராசுல அவங்க பக்கம் ஒண்ணு தெரியும், எங்க பக்கம் ஒண்ணு தெரியும்."

ஒன்று மதர்போர்டிலிருந்து வருகிறது, மற்றது கார்டிலிருந்து வருகிறது, மானிட்டர்களும் வேறு வேறு வயது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் செரி. எது நெசம்?" என்றார். மறைக்க எதுவும் இல்லை என்று காட்டுவதற்காகவே வைத்த திரை, நான் எதையோ மறைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்ப நாங்க கோயம்புத்தூருக்கே போய்ப் பாத்துக்கறோமுங்க."

மருமகள் பையை எடுத்துவிட்டாள். ஓரத்து ஸ்டூலிலிருந்து என் கணவர் எழுந்தார். "அம்மா, உங்க தூள் கொண்டாந்திருக்கீங்களா?"

பையில் ஒரு மாதிரிப் பொட்டலம் இருந்தது. அவர் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தொழிற்சாலை நாட்களிலிருந்து தன்னோடு வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் ஒன்றில் சாயத்தை வடித்து, என் மானிட்டர் அருகே வைத்தார். "இதுதான் நெசம். திரையை இதுக்குக் கொண்டாறேன்." மானிட்டருக்குக் கீழே இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி, சிவப்பைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, கிண்ணத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். டீ மேக்கராக அவர் நிற்கும் விதம் எனக்குத் தெரியும். தலையை லேசாக இடப்பக்கம் சாய்ப்பார். வெகுநாளைக்குப் பிறகு அந்தச் சாய்வைப் பார்த்தேன். என் திரை சரியானதும் அதே கிண்ணத்தை எதிர்ப்பக்கம் எடுத்துப்போய் அந்தத் திரையையும் சரிசெய்தார். பட்டன்கள் பழையவை; நேரம் பிடித்தது.

முடிந்ததும் மாமியார் இரண்டு பக்கமும் போய்வந்து பார்த்தார். முன்பு எதிர்ப்பக்கம் வெளிறியிருந்தது. இப்போது மங்கிய பழுப்பாக இருந்தது. என் திரையோ செம்பொன்னிலேயே நின்றது.

"இன்னும் ரெண்டு டீதானுங்க இருக்குது."

என் கணவர் திகைத்துப்போய்க் கிண்ணத்தைப் பார்த்தார். மருமகள் அதில் விரலை வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அண்ணா, டீ ஆறிப்போச்சுங்க. அந்தப் பக்கம் சூட்டு டீக்குக் கலர் வெச்சீங்க, இந்தப் பக்கம் ஆறுன டீக்கு வெச்சுட்டீங்க."

மார்கழிக் குளிரில், கவுண்டரைச் சுற்றி நடந்து வந்து பட்டன்களோடு மல்லுக்கட்டிய நேரத்துக்குள், சாயத்தின் ஒளி இறங்கிவிட்டிருந்தது.

"இத்தன வருசம் டீயோடவே இருந்தவரு, ஆறுன டீயப் பாத்துக் கலர் வெச்சுட்டாரே!" என்றார் மாமியார்.

"பேக்டரியில தேத்தண்ணி ஆறுற வரைக்கும் யாரும்மா நிப்பாங்க? இந்தப் பட்டனாலதான் ஆறிருச்சு" என்றார் இவர். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பம் அவருடையது. 'தேத்தண்ணி' என்ற சொல்லை அவர் விட்டதே இல்லை.

"அப்ப ரெண்டு கிண்ணத்துல ஊத்துங்க. ஆளுக்கு ஒரு பக்கம் நில்லுங்க."

அந்த யோசனை எங்கள் இருவருக்கும் வந்திருக்கவேண்டும். வந்தது அந்த அம்மாளுக்கு. மறுபடி தண்ணீர் கொதித்தது. ஒரே வடியில் இரண்டு கிண்ணங்கள். என் பக்கம் நான் நின்றேன், எதிர்ப்பக்கம் அவர். நடுவில் இரண்டு பெரிய மானிட்டர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"சிவப்பைக் கூட்டு."

"கூட்டிட்டனுங்க."

"நீலம்?"

"ஒரு கோடு எறக்கியிருக்கேன்."

"இன்னொண்ணு எறக்கு. ஆறுறதுக்குள்ள!"

மாமியார் பலகைக் கதவைத் தூக்கித் தூக்கி இரண்டு பக்கமும் நடந்தார். ஒருமுறை எனக்கு அதட்டல் விழும், ஒருமுறை அவருக்கு. கடைசியில் நடுவில் நின்று, "இப்ப ஒரே டீ ஆச்சுங்க. அச்சுக்குக் குடுத்துருங்க" என்றார்.

என் கணவர் பழக்கதோஷத்தில் கிண்ணத்தை எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கலர் வந்திருக்கும்மா. ஆனா இலை நல்லா வாடலை. அவசரமா அரைச்சிருக்காங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். பொம்பளைங்க சொன்னா அங்க யாரு கேக்கறாங்க? அடுத்த தடவ அரைக்கறப்ப நீங்க வந்து நில்லுங்களேன். ஒவ்வொரு தடவையும் நில்லுங்க, சும்மா வேண்டாம்."

"பொங்கலுக்குப் பிறகு நான் இங்க இருப்பேனான்னு தெரியலைங்கம்மா. திருப்பூருக்குக் கூப்பிடறாங்க, பனியன் கம்பெனிக்கு."

"அங்க போயிப் பனியனை வாடப் போடுவீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. கிண்ணங்களைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார்.

அவர்கள் போனபின் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் பேசுவதும் கேட்பதும் தெரிந்தன. என்ன பேசினார் என்று தெரியவில்லை. தேயிலை விலை அந்தத் தையிலும் ஏறவில்லை, அடுத்த தையிலும் ஏறவில்லை. லேபிள் கேட்டு வந்தவர்களும் ஒருவர் இருவராகத்தான் வந்தார்கள். ஆனாலும் அன்று பூத்திலிருந்து திரும்பி வந்தவர் ஓரத்து ஸ்டூலுக்குப் போகவில்லை. கவுண்டருக்கு வெளியே நின்றபடி, எதிர்ப்பக்கத் திரையில் என் கைவேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வியாழக்கிழமை அவங்க இலை அரைக்கிறாங்களாம். கேத்திக்கு மொதல் பஸ் விடியறதுக்கு முன்னாடியே வந்துருமா?"

"வந்துருமுங்க. நான் எழுப்பி விடறேன்" என்றேன்.