மேடை எட்டாத மூலை

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம் மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் பெண்களெல்லாம் நின்றுகொண்டு சமைக்க ஆசைப்பட்டார்கள். புக்கிட் பாருவில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீட்டில் சிமெண்டு மேடை கட்டி, வெள்ளை ஓடு பதித்து, மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரி செய்து, சுவருக்கு இளம்பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கோயிலுக்குக் கிளம்புவதைப் போலச் சேலை மாற்றிக்கொண்டு கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நானும் போனேன். திரி போட்ட மண்ணெண்ணெய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பித் தரையில் குந்தி ஈர விறகை ஊதும்போது, யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கமலவேணி மட்டும் பார்க்க வரவில்லை. அவள் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவியவர்களின் மகள், கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தவள். கணவர் பொன்னுதுரை நகராட்சியில் தண்ணீர்க் குழாய் மாட்டும் வேலை பார்த்தார். அவர்களுக்கு ஜெயா என்று ஒரே பெண். நாலு வயதில், தரையடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த கஞ்சிப் பானையில் தடுக்கி விழுந்து செத்துப்போனாள். அப்போது கமலவேணி கொல்லையில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். இதற்குமேல் அதை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணமாகாமல் போய்ச்சேர்ந்த பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம் என்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு போகிக்கும் அடுப்படி மூலையில் சுவருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மேலே ஓர் ஆணி அடித்து, புதிதாகத் தைத்த பாவாடை சட்டையை அதில் தொங்கவிடுவாள் கமலவேணி. பூச் சுற்றி, வளையல் வைத்து, இலை போட்டுப் படைப்பாள். அப்புறம் அந்தத் துணி மறு போகி வரைக்கும் பெட்டியில் இருக்கும். புதுசு வந்ததும் பழையதை அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். செத்த பிள்ளையின் துணியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும். என் மகள் அஞ்சலைதான் வருஷா வருஷம் அதை உடுத்தினாள்.

அஞ்சலையும் ஜெயாவும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். மார்கழி பிறந்ததும் கமலவேணி என் மகளைக் கூப்பிட்டு, சுவரோடு நிற்கவைத்து அளவெடுத்துக்கொள்வாள். அதனால் ஜெயாவின் பாவாடை ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. ஆணியும் மேலே ஏறிக்கொண்டே போனது.

பாவாடை நீண்டதும் ஆணி ஏறியதும் பொன்னுதுரை அண்ணனுக்குத் தெரியாது. பிள்ளை போன நாளிலிருந்து அவர் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. சாப்பாடு கூடத்துக்குத்தான் போகும். படையலன்றுகூட நிலைப்படிக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்று, கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு திரும்பிவிடுவார். ஆனால் அந்தத் தரையடுப்பின் முன்னால் மனைவி தினமும் போய்க் குந்துகிறாளே என்று மனசுக்குள் வெந்துகொண்டிருந்தார். ஒரு நாள், நானும் அங்கே இருந்தபோது, சொல்லிவிட்டார்.

"அடுப்படிய இடிச்சிட்டுப் புதுசா கட்டப்போறேன் கமலம். நீயும் நின்னு சமைக்கணும். இந்த வீட்டுல இனிமே தரையில நெருப்பு இருக்கக் கூடாது."

"அப்போ ஜெயா எங்கங்க இருப்பா?"

அவள் கேட்டது அது ஒன்றுதான். ஓட்டின் நிறம் கேட்கவில்லை, அடுப்பு என்ன வகை என்று கேட்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போனார்.

மறுவாரம் பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து கொண்டுவந்தார். நாலைந்து வீட்டு அடுப்படிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர். குழாய் இங்கே, சன்னல் இங்கே, கொசுவலை அலமாரி இங்கே என்று விரல் வைத்துக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் மேடைக்கு அடியில முழுசா அலமாரி வைக்கிறாங்க. நமக்கு அந்த மூலையில மட்டும் வேணாம். தெறந்து விட்டுருவோம். காலு படாது, கரி படாது. அவ பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

கமலவேணி காகிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரிங்க," என்றாள். எந்தப் புருஷனுக்கு இதெல்லாம் தோன்றும்?

கட்டுவதற்கு, பல தலைமுறைக்கு முன்னே வந்து குடியேறிய தமிழர்கள் இருக்கும் கம்போங் செட்டியிலிருந்து தம்பிராஜா என்ற கொத்தனார் வந்தார். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். பழைய அடுப்பை இடித்தார். கரி பிடித்த சுவரைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சுப் பூசினார். ஆணி ஓட்டைகள் எல்லாம் அதில் மறைந்துவிட்டன. பொங்கலுக்குள் வேலை முடிந்தது. அண்ணன் குழாயை வெளிச்சுவர் வரைக்கும் கொண்டுவந்து விட, உள்ளே மாட்டியது தம்பிராஜாதான். திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்! புக்கிட் பாருவுக்குப் போன அதே கூட்டம் இப்போது கமலவேணி வீட்டு வாசலில் நின்றது. அந்த மூலையில் ஏன் கதவு இல்லை என்று கேட்டவர்களுக்கு, "பிள்ளைக்கு விட்டிருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

போகியன்று காலையில் வேலிப்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை. ஓடினேன்.

மேடைக்கு அடியில் மஞ்சள் பூசியிருந்தாள். மேடையை ஒட்டி எவ்வளவு உயரத்தில் அடிக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் ஆணி அடித்து, மஞ்சள் கரை போட்ட சிவப்புப் பாவாடையையும் சட்டையையும் மாட்டியிருந்தாள். பாவாடையில் பாதி தரையில் சுருண்டு கிடந்தது. சட்டை மேலே இடித்து மடங்கியிருந்தது.

"பாருங்கக்கா, குனிஞ்சிக்கிட்டு நிக்கிறா," என்றாள் கமலவேணி. "எட்டு வயசுப் பிள்ள, கழுத்த மடக்கிக்கிட்டு நிக்கிறா."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அண்ணன் நாலு வயசுப் பிள்ளைக்கு இடம் விட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளையைத்தான்.

"வேற செவுத்துல மாட்டிடலாமே, கமலம்," என்றேன்.

"அவ எடம் இதுதான்க்கா. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம். ஆசையா கட்டியிருக்காரு. மடிச்சுக் கீழ வெச்சிடறேன்."

என் வாய் சும்மா இருக்குமா? நேரே கூடத்துக்குப் போய், ஆணி வருஷா வருஷம் ஏறிய கதையிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்போங் செட்டிக்குப் பறந்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கேயும் இன்றைக்குத்தான் செத்தவர்களுக்குப் படைக்கும் நாள், பார்ச்சு என்பார்கள். தம்பிராஜா வீட்டில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாராம். "தா போலே, அபாங்," முடியாது அண்ணே, நாளைக்கு வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எங்கள் படையலோ இன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு.

அண்ணன் குழாய் வேலைப் பெட்டியைத் திறந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார். கமலவேணி பாவாடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே காலை வைத்தார்.

பிறகு மத்தியானம் முழுக்க அந்தச் சத்தம்தான். ஊரே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பூசிய ஈரம் காயாத மேடையை ஒரு மனுஷன் உடைக்கிறார். வெள்ளை ஓடு சில்லு சில்லாகத் தெறித்தது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் குழாய் அறுக்கும் ரம்பத்தால் அறுத்தார். உடைந்ததைக் கூடையில் அள்ளி நானும் கமலவேணியும் கொல்லையில் கொட்டினோம். அந்த மூலையில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு மேடை இல்லாமல் போனது. உடைந்த விளிம்புக்கு அவர்கள் பிறகு ஓடு பதிக்கவே இல்லை.

விளக்கு வைத்ததும் கமலவேணி ஆணியை உயரத்தில் அடித்தாள். பாவாடை சுருக்கமில்லாமல் இறங்கித் தரைக்குச் சற்று மேலே நின்றது. தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்தார். பாவாடைக் கரையில் கை வைத்து, மெல்ல மேலே கொண்டுபோய், சட்டையின் தோளில் நிறுத்தினார்.

"இவ்ளோ வளந்துட்டாளா?"

"வளந்துட்டா பாருங்க," என்றாள் கமலவேணி. "இனிமே என் பக்கத்துல நின்னு சமையல் பழகிக்குவா."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். படைத்து முடித்ததும் அவள் வழக்கம்போல அவருடைய தட்டைக் கூடத்துக்கு எடுத்துப்போக எழுந்தாள். அவர் கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டு, அந்த மூலையை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.