ஓட்டை போட்டும் சாகாத டிஸ்க்

முப்பத்தெட்டு டிஸ்க்குக்கு ஓட்டை போட்டு, "அத்தனையும் அழிக்கப்பட்டது" என்ற பேப்பரில் கையெழுத்தும் போட்ட மறுநாள்தான், ஒன்றுகூட அழியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அப்போது சாப்பாட்டு நேரம். மூன்று மணிக்குக் கழிவு ஏற்ற லாரி வந்துவிடும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் எங்கள் யூனிட். பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றிப் பிரிப்பது ஒரு பக்கம். அதற்குள் இருக்கிற விவரங்களை யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிப்பது இன்னொரு பக்கம். அழிக்கிற பக்கம் என்னுடையது. அதற்கு முன்னால் இதே எஸ்டேட்டில் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் டிரில்லிங் மெஷினில் நின்றேன். அது மூடியதும் இந்த யூனிட் ஓனர் கரீம் பாய் இங்கே கூப்பிட்டார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே பாய்" என்றேன்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் தெருவுக்குப் பத்து பேரு கீறான்க்கா. நேரா ஓட்டை போடத் தெரிஞ்ச ஆளுதான் கெடைக்கல" என்றார்.

என் படிப்பு இவ்வளவுதான்: தவமணி என்று நாலு எழுத்து எழுதுவேன். எண் படிப்பேன், பஸ் போர்டு படிப்பேன். இங்கிலீஷ் கிடையாது. இதையும் நான் சொல்லச் சொல்ல எங்கள் ஆபீஸ் பெண் ஷகிலாதான் டைப் செய்கிறாள்.

எது எங்கே வைத்திருக்கும்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் விவரத்தை வைத்துக்கொள்கிற சாமான்தான். ஆனால் ஒவ்வொன்றும் வைத்திருக்கிற இடம் வேறு.

டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் கனமாக இருக்கும். உள்ளே முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று தட்டுகள் அடுக்கியிருக்கும். விவரம் அந்தத் தட்டில். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் உள்ளங்கை அளவு. அதில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. டிரில் பிட் இறங்கினால் நொறுங்கிப் போகும், அப்புறம் ஆட்டிப் பார்த்தால் உடைந்த வளையல் பை மாதிரி சத்தம் கேட்கும். சிடி என்றால் எல்லோரும் பளபளக்கிற அடிப்பக்கத்தைத்தான் கீறுவார்கள். விவரம் மேலே, பெயர் அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அதைச் சுரண்டினால்தான் போகும். பென்டிரைவ், மெமரி கார்டு இரண்டிலும் தட்டே இல்லை, சுற்றுகிற பாகமே இல்லை. கறுப்புச் சில்லுக்குள் இருக்கிறது. வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்துத் தூளாக நசுக்கிவிடுவேன்.

லேப்டாப் டிஸ்க்குக்கு என்று ஒரு ஜிக் நானே செய்தேன். டிஸ்க்கை அதில் செருகினால் போதும், பிட் சரியாகத் தட்டின் மேல் போய் இறங்கும். வருகிற கஸ்டமருக்கெல்லாம் பாய் அதைக் காட்டுவார். நானும் பக்கத்தில் நின்று காட்டவிடுவேன். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

கை சொன்னதும் நான் கேட்காததும்

கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கிருந்து அந்த முப்பத்தெட்டும் வந்தன. லேப்டாப் டிஸ்க் அளவேதான், அதே நீளம், அதே அகலம். கனம் மட்டும் கம்மி. ரிஜிஸ்டரில் ஷகிலா "எஸ்எஸ்டி" என்று எழுதினாள். புது மாடல் போலிருக்கிறது என்று ஜிக்கில் செருகிப் போட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டை போடும்போது கைப்பிடி மூன்று தடவை எதிர்க்கும். மூடி ஒன்று, தட்டு ஒன்று, அடித்தகடு ஒன்று. இதில் இரண்டு தடவைதான் எதிர்த்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. கை சொன்னது. தட்டு மெல்லிசாக இருக்கும் என்று நான்தான் அதன் வாயை அடைத்தேன். முப்பத்தெட்டும் முடித்து, ரிஜிஸ்டரில் வரிக்கு வரி கையெழுத்துப் போட்டு, பேப்பரிலும் போட்டேன். பேப்பர் அன்றைக்கே ஸ்கேன் சென்டருக்குப் போய்விட்டது.

மறுநாள் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து ஆட்டினேன். சத்தம் இல்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். முக்கால்வாசி காலி டப்பா. ஒயர் மாட்டுகிற முனைப் பக்கம் மட்டும் பிஸ்கட் அளவுக்கு ஒரு கார்டு, அதில் நாலு கறுப்புச் சில்லு. பென்டிரைவில் இருக்கிற அதே சாதி. என் ஓட்டை காலி இடத்தில் அழகாக விழுந்திருந்தது.

பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னாக்கா இது, பேஜார் பண்ற? பேப்பர் போயாச்சு. ஓட்டை கீது. லாரிக்காரன் வந்துகினு கீறான். எவன் இதத் தொறந்து பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே பாய்."

"நெஜமாவே சாவலியான்னு உனக்கு இன்னா தெரியும்?"

"மாட்டிப் பாரு" என்றேன்.

ஷகிலா வேறு ஒன்றை எடுத்து ஒயரில் மாட்டினாள். நடுவில் ஓட்டை, அதன் வழியாக மேஜை தெரிகிறது. கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுத்தது. ஷகிலா இரண்டு தட்டுத் தட்டினதும் திரை முழுக்கப் பெயர்கள்.

"பாய், எல்லாம் தொறக்குது! ஆன்ட்டி, பேர், வயசு எல்லாமே இருக்கு. இந்தம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு, கர்ப்பப்பைல..."

"படிக்காத. மூடு" என்றேன்.

எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. தெரிந்தவளும் படிக்கக் கூடாது என்பதற்குத்தான் அதை எங்களிடம் அனுப்பினார்கள். பாய் எழுந்துபோய்ச் சாக்கைத் தானே இழுத்துவந்து என் மெஷின் பக்கத்தில் போட்டார்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், ஏத்தணுமா வேணாமா? பல்லாவரம் டிராபிக்குல சிக்னா நானு வூட்டுக்குப் போயி சேர மாட்டேன்."

"நீ கெளம்புப்பா. சாக்கு இன்னிக்கு வராது."

நான் ஒவ்வொன்றாகத் திறந்து, கார்டைப் பிடுங்கி, சில்லுக்குச் சில்லு ஓட்டை போட்டு, மிச்சத்தை வைஸில் நசுக்கினேன். ஷகிலா எண்ணைச் சரிபார்த்தாள். முப்பத்தெட்டும் முடிந்தது.

ஐந்து வரி

முடியவில்லை. ஷகிலா ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினாள். போன மாதம் அதே ஸ்கேன் சென்டரிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க்குகளோடு ஐந்து எஸ்எஸ்டி கலந்து வந்திருக்கிறது. அதற்கும் என் ஜிக், என் ஓட்டை, என் கையெழுத்து. அவை போய்விட்டன. உருக்குகிற இடத்துக்குப் போயிருக்கலாம், வழியில் யாராவது எடுத்திருக்கலாம். பாய் இரண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்தார். யாருக்கும் தெரியவில்லை.

"இத மட்டும் வுட்ரலாம்க்கா" என்றார். "சொன்னா கான்ட்ராக்ட் பூடும்."

"போவும் பாய். பேப்பர்ல கீறது உன் கம்பெனி முத்திரை, என் பேரு. ரெண்டுல ஒண்ணு பொய்யின்னா இன்னொண்ணும் பொய்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

மறுநாள் ஸ்கேன் சென்டர் மேனேஜர் வந்தார். கோபப்படவில்லை. திறந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதும்மா."

"அதனாலதான் சார் சொன்னது."

புதுப் பேப்பர் எழுதி வாங்கிக்கொண்டார். முப்பத்தெட்டு அழிக்கப்பட்டது, முந்தைய ஐந்து அழிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் அங்கிருந்து சாமான் வரவில்லை. பாய் பத்து நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. மூன்றடி தூரத்தில் நான் நிற்கும்போதே, "ஷகிலா, அந்தக்காவ ஃபேன நிறுத்தச் சொல்லு" என்பார்.

பதினோராம் நாள் ஒரு காலேஜிலிருந்து ஆள் வந்தார். பாய் வழக்கம்போல ஜிக்கைக் காட்டுவார் என்று நான் நகர்ந்து வழிவிட்டேன். பாய் டிராயரிலிருந்து அந்தத் திறந்த டப்பாவை எடுத்தார்.

"பாருங்க சார், ஓட்டை எங்க கீது, சில்லு எங்க கீது. இந்தத் தப்ப நாங்க பண்ணிட்டோம். மத்தவன்லாம் இன்னும் பண்ணிகினு கீறான்."

அந்தக் காலேஜ் வேலை எங்களுக்குக் கிடைத்தது.

இப்போது எந்த மாடல் வந்தாலும் முதல் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகுதான் மெஷினைப் போடுகிறேன். வெளி அளவு ஒன்றாக இருப்பதால் உள்ளேயும் ஒன்றாக இருக்காது. கை ஏதாவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், கடைசி வரைக்கும் போட்டுவிட்டு யோசிக்கக் கூடாது. நான் கற்றது இதுதான்.

அந்த ஐந்தும் எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது. பழைய ரிஜிஸ்டரில் அந்த ஐந்து வரியிலும் என் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன். ஷகிலா ஸ்கேல் எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். போய்ப் பாருங்கள், கோடு நேராகத்தான் இருக்கிறது.