ஜெரின் அல்ல, ஜெபின்

போன வாரம் மத்தியானம் சோறு உண்டுகொண்டிருக்கும்போது கைப்பேசி சிணுங்கிற்று. அரசு ஊழியர்கள் எல்லோரும் செயலியில் தத்தம் சொந்த விவரங்களைச் சரிபார்த்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டுமாம். கை கழுவிவிட்டு வந்து திறந்து பார்த்தேன். அதில் நான் ஆண். சர்வீசு முடியப்போகிற நேரத்தில் இப்படியொரு பதவி உயர்வு. அடையாளக் குறி என்ற இடத்தில் இடது கன்னத்தில் மச்சம் என்று போட்டிருந்தது. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். மச்சத்தைக் காணோம். "வேலைக்குச் சேர்ந்த அண்ணு மொகத்துல மை பட்டிருக்கும்," என்றார் வீட்டுக்காரர்.

இப்போது விரலால் தட்டினால் திருத்தம் போய்விடுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. விண்ணப்பம், சான்று, அதிகாரியின் உத்தரவு, பிறகு பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து, முத்திரை. பணிப்பதிவேட்டை நாங்கள் எஸ்.ஆர். என்போம். ஓர் ஊழியர் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை எல்லாம் அதில்தான். நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது அந்த எஸ்.ஆர்.களைப் பார்க்கிற சீட்டுதான். மைதா பசையும் கரப்பான் எச்சமும் பழைய தாளும் கலந்து, பதிவேடுகள் அடுக்கிய அலமாரிக்கு ஒரு வாசம் உண்டு. எனக்கென்னவோ அது பிடித்துப்போயிற்று. மத்தியானம் ஆனால் அந்த வாசத்தை அடித்துப் போட்டுவிடும், லில்லி அக்காவின் மீன்கறி.

லில்லி அக்கா எங்கள் டைப்பிஸ்ட். இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரை ஊர். புருஷன் இளம் வயதிலேயே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஜெபின் என்று ஒரு மகன், ஷைனி என்று ஒரு மகள். மரச்சீனிக்கிழங்கும் மீனும் தூக்குவாளி நிறையக் கொண்டுவருவாள். என் சாம்பார் சோற்றைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதைத் தின்னுட்டா இவ்வளவு பேச்சு பேசுகா?" என்பாள். அந்தக் கிழங்கைத் தின்றுதான் நான் இந்த உடம்பு வைத்தேன் என்று இன்றைக்கும் வீட்டில் பழி சொல்வதுண்டு.

ஜெபின் டிப்ளமா முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருந்தான். நெட்டையாக, வெட்கப்பட்டுச் சிரிக்கிற பையன். அம்மை மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தால் வாசலிலேயே நிற்பான். சும்மா இருக்கிற நாட்களில் லில்லி அக்காவின் தம்பியோடு, அதாவது தாய்மாமனோடு, வள்ளத்தில் கடலுக்குப் போவான். அப்படிப் போன ஒரு நாள் காற்று பிடித்துக்கொண்டது. வள்ளம் திரும்பவில்லை. சில நாள் கழித்து மாமனின் உடல் மட்டும் கேரளக் கரையில் ஒதுங்கியது. ஜெபின் வரவில்லை.

அக்கா ஒரு மாதம் போல லீவில் இருந்துவிட்டு வேலைக்கு வந்தாள். முன்பு போலவே டைப் அடித்தாள். கிழங்கு மட்டும் கொண்டுவருவதில்லை. "ஏதாம் கப்பல்காரன் ஏத்திக் கொண்டு போயிருப்பான். பாஷை தெரியாத ஊரு ஜெயில்ல கிடப்பான். எனக்க பிள்ளைக்கு நல்லா நீச்சலு தெரியும் மக்கா," என்பாள். நான் தலையாட்டுவேன். வேறென்ன செய்ய?

அவள் எஸ்.ஆரில் வாரிசாக நியமித்திருந்தது ஜெபினை மட்டும்தான். ஷைனி பிறப்பதற்கு முன்னால் எழுதியது, அப்படியே கிடந்தது. எங்கள் சூப்பிரண்டு நல்ல மனிதர். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, சத்தம் தாழ்த்தி, "எம்மா லில்லி, மகளுக்க பேரை மாத்திப் போட்டிரும். பெறவு பிள்ளைக்குக் கஷ்டம் வரப்பிடாது," என்றார். அக்கா எழுந்து வந்துவிட்டாள். என் மேசையருகில் நின்று, "அவனுக்க பேரை நானே வெட்டணுமாம். கடலே இன்னும் வெட்டல்ல," என்றாள். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம், அவளே ஒரு விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தாள். கூடவே ஜெபினுடைய பள்ளிச் சான்றிதழின் நகல். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். ஷைனிக்காகச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. வாசித்துப் பார்த்தால் கேட்டிருந்தது வேறு. பதிவேட்டில் மகன் பெயர் ஆன்றனி ஜெரின் என்று தப்பாக இருக்கிறது, ஆன்றனி ஜெபின் என்று திருத்தித் தரவேண்டும்.

"அக்கா..." என்றேன்.

"ஒரெழுத்துதானேண்ணு அப்பம் விட்டுட்டேன் மக்கா. நான் இல்லாத காலத்துல அவன் வந்து நின்னா, இது நீ இல்லேண்ணு சொல்லித் திருப்பி அனுப்பிருவாவ. பாவம், ஒண்ணும் சொல்லத் தெரியாம அந்த வாசல்லயே நிப்பான்."

சூப்பிரண்டு விண்ணப்பத்தை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்பினார். உத்தரவு வந்ததும் நான்தான் எழுதினேன். 'ஜெரின் என்பதை ஜெபின் எனத் திருத்தி வாசிக்கவும்.' அக்கா பக்கத்திலேயே நின்று, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து ஊதினாள், சூடான கஞ்சியைப் பிள்ளைக்கு ஊதுவது போல.

ஓய்வு பெறும்வரை அவள் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டு நின்றவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஷைனி அப்போது நர்சிங் முடித்திருந்தாள். அம்மையின் பணப்பலனைக் கேட்டு வந்தவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நியமித்த வாரிசு உயிரோடு இல்லை என்று காட்ட வேண்டும். காணாமல் போய் ஏழு வருஷம் கழிந்துவிட்டதால் கோர்ட்டில் மனுப் போட்டு இறப்புச் சான்றிதழ் வாங்கலாம். மனுவில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அண்ணன் செத்துட்டான்னு நான் எழுதணுமா அக்கா?"

"ஆமா மோளே."

"அம்மை எழுதல்லியே," என்றாள். என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

எழுதினாள். இழுத்தடித்து வந்தது சான்றிதழ். அதில் பெயர் ஆன்றனி ஜெபின். பதிவேட்டிலும் ஆன்றனி ஜெபின். ஓர் எழுத்து மாறியிருந்தால் இன்னொரு சுற்று அலைய விட்டிருப்பார்கள். மாறவில்லை. கருவூலத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. மகன் வந்தால் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று தாய் செய்துவைத்த திருத்தம், அவன் செத்தான் என்ற காகிதத்துக்குத்தான் வழி திறந்துவிட்டது. பணப்பலன் பில் பாஸான அன்றைக்கு நான் அரைநாள் லீவு போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அழுதுகொண்டே போன என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மா தலைவலித் தைலம் நீட்டினாள். வாங்கித் தேய்த்துக்கொண்டேன்.

ஷைனி குவைத்துக்குப் போனாள். முதலில் கிறிஸ்துமசுக்குப் போனில் கூப்பிடுவாள். பிறகு அதுவும் நின்றது. சூப்பிரண்டும் இப்போது இல்லை.

இந்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், லில்லி அக்காவின் வீட்டை ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று கரைக்கு நடந்தேன். பின்வாசல் திறந்தால் கடல் தெரியும் வீடு. வேலைக்குப் புறப்படுமுன் அந்தப் படியில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள் என்று ஷைனி சொல்லியிருந்தாள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிக் கிடந்த பாறாங்கற்களுக்கு இப்பால் ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வீடு எது என்று கேட்டேன்.

"லில்லிக்க வீடா?" என்று எழுந்தவள், ஈரக் கையால் கற்களுக்கு அப்பால், அலை உடைகிற இடத்தைக் காட்டினாள்.