உட்கார்ந்தபடியே ஒன்பதாயிரம் அடி

கடிகாரம் விற்றால் மணி சரியா என்று மட்டும்தான் கேட்பார்கள். அடி எண்ணும் வாட்ச் விற்றுப் பாருங்கள், வாங்கினவரின் காலுக்கே நம்மைப் பொறுப்பாக்கிவிடுவார்கள். அரியலூரில் வீடும் பெரம்பலூரில் கடையும் வைத்திருக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். இதே வியாபாரத்தில் மாட்டியிருக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கும் ஒரு வாட்ச் உண்டு, வலது கையில். "தினமும் எட்டாயிரம் அடி நடங்க. மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா ஊசிதான்" என்று அரியலூர் டாக்டரம்மா சொன்ன அன்றே கட்டிக்கொண்டது. ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம்.

பின்கை கட்டியவர்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மைதானத்தை ஆறு சுற்று சுற்றியும் நானூறு அடிதான் காட்டுகிறதாம். நடந்து காட்டச் சொன்னேன். வகுப்புகளை மேற்பார்வை பார்ப்பவர் போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார்.

இது காலைப் பார்ப்பதில்லை, கை வீச்சை வைத்துத்தான் எண்ணுகிறது என்று சொல்லி, கையை வீசி நடக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, முப்பது வருஷமா இப்படித்தான் நடக்குறேன். இப்ப திடீர்னு கையை வீசிக்கிட்டுப் போனா, எங்கிட்ட படிச்சவன் பாத்துட்டு சார் தண்ணி போட்டிருக்காருன்னுல்ல நினைப்பான்!"

பூலாம்பாடி அம்மா

பூலாம்பாடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறான். அம்மா எவ்வளவு நடக்கிறார் என்று அங்கிருந்தே போனில் பார்ப்பதற்காக வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கிறான். "முட்டிவலியோட எதுக்கும்மா இவ்வளவு நடக்குற"ன்னு தினமும் சத்தம் போடுறான் என்றார். அவரோ களத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாளால் அறுத்தெடுப்பவர். ஒவ்வொரு அறுப்பையும் ஒரு அடியாக எண்ணிக்கொண்டிருந்தது அந்தப் பாழாய்ப்போன வாட்ச்.

உட்கார்ந்து வேலை செய்யும்போது கழற்றி வைத்துவிடுங்கள் என்றேன். கழற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி கையில் மாட்டிக்கொண்டார். "கழட்டி வச்சா, அம்மா அசையவே இல்லையேன்னு அவன் பயந்துக்குவான். திட்டுனா திட்டிட்டுப் போறான், இருக்கட்டும் வுடுங்க தம்பி."

மச்சானும் மாப்பிள்ளையும்

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குச் சேர்ந்தே நடந்துபோன மச்சானும் மாப்பிள்ளையும் சண்டையோடு கடைக்குள் நுழைந்தார்கள். மச்சான் வாட்ச்சில் நாலு கிலோமீட்டர், மாப்பிள்ளை வாட்ச்சில் ஆறு. "ஒண்ணாத்தான வந்தோம், இவன் மட்டும் எந்த வழியா வந்தான்?" என்று மச்சான் என்னிடம் நியாயம் கேட்டார். திறந்து பார்த்தால், ஆறரை அடி உயரம் போகிற அந்த மச்சானின் வாட்ச்சில் அவர் மனைவியின் உயரம் பதிவாகியிருந்தது; அதை வைத்துத்தான் ஒரு காலடியின் நீளத்தை வாட்ச் கணக்குப் போடும்.

உயரத்தைத் திருத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். இருபது காலடி நடக்கவைத்து, அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து, இருபதால் வகுத்து அந்த அளவையும் போட்டால்தான் தூரம் சரியாக வரும் என்று வாயை விட்டேன். இருவரையும் கடைவாசலில் மாறிமாறி நடக்கவிட்டு, வெயிலில் குனிந்து டேப் பிடித்தேன். எதிர் டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடியே குரல் கொடுத்தார்: "என்ன சார், ரோட்டையும் மனை போட்டாச்சா? எனக்கும் ஒரு கார்னர் பிளாட் எடுத்து வைங்க!"

என் வலது கை

மூன்று மாதம் முடிந்தது. ஒரு நாள்கூட ஒன்பதாயிரத்துக்குக் குறையவில்லை. டாக்டரம்மாவிடம் பெருமையாகக் கையை நீட்டினேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், பிறகு ஊசிக்குச் சீட்டு எழுதினார். சர்க்கரை ஒரு புள்ளிகூட இறங்கவில்லை, ஏறியிருந்தது.

மறுநாள் கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லாவிடம் இந்த வாட்ச்சே மோசம் என்று புலம்பினேன். நான் அப்போது பழைய கடிகாரம் ஒன்றைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் வலது கையையே பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் தேய்க்கத் தேய்க்க எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் தினமும் வண்டியில் குலுங்கி வருவதையும் இது விட்டிருக்காது. அடுத்தவர் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். என் கையில் மூன்று மாதம் இருந்தும் தெரியவில்லையா, அல்லது தெரிந்துகொள்ளப் பயந்தேனா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஸ்டெல்லா சிரிக்காமல் கேட்டாள்: "வர்றவங்க எல்லாத்துகிட்டயும் வேலை செய்யாத கையில கட்டுங்க, நூறு அடி வாயால எண்ணி வாட்ச்சோட ஒத்துப் பாருங்கன்னு சொல்றீங்களே சார், நீங்க என்னைக்கு சார் நாற்காலிய வுட்டு எந்திரிச்சீங்க?"

இப்போது வாட்ச் இடது கைக்கு மாறிவிட்டது, காலையில் வாயால் எண்ணியபடி உண்மையாகவே நடக்கிறேன், ஊசியும் போட்டுக்கொள்கிறேன். மூன்றில் இதுவரை ஒரு நாளும் கணக்குத் தப்பாதது ஊசி மட்டும்தான்.