பெலனும் பலமும்

பெலன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் கொஞ்சம் அலுப்பு வரும். அந்த அளவுக்கு எங்கள் வீட்டில் அது புழங்கியது. அப்பா வாதத்தில் விழுந்து வலப்பக்கம் முழுக்கச் செயலிழந்த பிறகு, காலை ஆறு மணிக்கு அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அம்மா கண்ணை மூடி, "ஆண்டவரே, பெலன் தாரும்" என்பாள். பிறகு அவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தம் பிடித்து ஒரே தூக்கு. அதற்குப் பிறகுதான் அவள் தோட்டத்துக்குப் போய் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மூன்றாம் வகுப்பில், 'என் அம்மாவுக்குப் பெலன் அதிகம்' என்று கட்டுரை எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போட்டு, மேலே 'பலம்' என்று எழுதிக் கொடுத்தார். பைபிளில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் சபைக்குப் போகிற பிள்ளை நான் ஒருத்திதான். நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டும் வேறு வேறு. பலம் சோறு தின்றால் வருவது, பெலன் ஜெபித்தால் வருவது. பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனைக் குலைகளைக் கம்பியால் குத்தி லோரியில் ஏற்றுகிறவர். அவரிடம் இருந்தது பலம். எங்களிடம் இருந்தது பெலன். நாங்கள் ஒரு படி மேல் என்ற நினைப்பு எனக்கு நன்றாகவே இருந்தது.

அந்த வருஷம் கிள்ளான் பட்டணத்திலிருந்து மாமா வந்தார். அப்பாவைப் பார்த்துவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னால தூக்க முடியாத அன்னைக்குச் சொல்லு. அவர ஹோம்ல சேர்த்திடலாம், அங்க ஆள் வச்சுப் பார்த்துக்குவாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிலிருந்து முடியவில்லை என்ற வார்த்தையை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நான் வேலைக்குப் போற முன்ன வந்து தூக்கி வச்சிட்டுப் போறேன் லா அக்கா" என்று எத்தனையோ முறை கேட்டார். "வேணாம் தம்பி, கர்த்தர் பெலன் தர்றாரு" என்பாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு முதுகில் தைலம் தேய்க்கச் சொல்வாள். பெலனுக்குத் தைலம் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. அம்மா ஜெபித்தாள், தூக்கினாள், பாதியில் முதுகு பிடித்துக்கொண்டது. அப்பா அவள் மேலேயே சரிந்து சிமெண்டுத் தரைக்கு வந்துவிட்டார். நல்லவேளை, இரண்டு பேருக்கும் அடி படவில்லை. மூன்று முறை முயன்றாள். நானும் அப்பாவின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட பஸ் ஹார்ன் அடித்துவிட்டு எனக்காகக் காத்திராமல் போய்விட்டது. அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மறுபடியும் ஜெபிக்கப் போகிறாள் என்று நானும் மூடிக்கொண்டேன். அவளோ சன்னல் பக்கம் திரும்பி, "தம்பி, கொஞ்சம் வா. என்னால முடியல" என்றாள்.

அண்ணன் அப்போதுதான் குளித்திருந்தார், நெற்றியில் திருநீறு காயவில்லை. "அண்ணே, என் கழுத்தப் பிடிச்சுக்குங்க" என்றார். அப்பா இடது கையால் பிடித்துக்கொண்டார். ஒரு மூச்சில் நாற்காலியில் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அம்மா தரையிலிருந்து எழாமல் அழுதாள். எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அப்பாவின் பனியனில் ஒட்டியிருந்த திருநீற்றைத் தட்டிவிட்டேன்.

எங்கள் சபை கோல சிலாங்கூரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்ததை எல்லார் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் அம்மா மைக்கைப் பிடித்து, இந்த வாரம் கர்த்தர் தனக்குப் பெலன் கொடுத்தார் என்றாள். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சபையிலேயே பொய்யா? பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டுவிட்டேன். "அது பெலன் இல்லம்மா. அந்த அண்ணனோட பலம்."

அம்மா என் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, "மெதுவா நட கண்ணு, எனக்கு முதுகு வலிக்குது" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதன்பிறகு அண்ணன் தினமும் வந்தார். அம்மா நாற்காலியை நகராமல் பிடித்துக்கொள்வதோடு சரி. வாய்விட்டு ஜெபிப்பதும் நின்றுபோனது. கர்த்தர் அவளிடமிருந்து பெலனை எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மாமாவுக்குத் தெரிந்தால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார். அதனால் அவள் விட்ட இடத்திலிருந்து நான் ஆரம்பித்தேன். ஐந்தரை மணிக்கே எழுந்து போர்வைக்குள் முழங்கால் போட்டு, 'அம்மாவுக்குப் பெலனைத் திருப்பிக் கொடும், இந்த அண்ணன் இனிமேல் வர வேண்டாம்' என்று அழுது அழுது கேட்டேன். எத்தனை மாதம் கேட்டேன் என்று நினைவில்லை. அப்பா கடைசிவரை வீட்டில்தான் இருந்தார். ஒவ்வொரு நாளும் நான் ஆமென் சொல்வதற்குள் அண்ணன் வந்து கதவைத் தட்டிவிடுவார். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, எழுந்துபோய் அவருக்குக் கதவைத் திறந்துவிடுவேன்.